மடக்கை எடுத்த தரவுக்கு எல்லையை எங்கே வைப்பது?

பண்டாரவளைப் பக்கம் தேயிலை பொதியிடும் இடமொன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவர் கேட்ட கேள்விக்கு இது பதில். இஞ்சியும் கறுவாவும் கலந்த தேயிலையில் மதுவம், பூஞ்சண எண்ணிக்கை பார்ப்பது அவருடைய வேலை. 30 பெட்ச் தரவு கையில் இருக்கிறது. வாங்குபவர் கொடுத்த உச்ச எல்லை கிராமுக்கு 10,000 கொலனி. தரவு செவ்வன் பரம்பலில் (இரு பக்கமும் சமமான மணி வடிவில்) இல்லை என்று மென்பொருள் காட்டியதால், எக்செலில் மடக்கை (லாக்) எடுத்து அந்த நிரலை மென்பொருளில் ஒட்டியிருக்கிறார். மடக்கையின் இடை 2.6, நியம விலகல் 0.4. எல்லைக்கான கட்டத்தில் 10,000 என்று போட்டதும் பி.பி.கே. (இடையிலிருந்து எல்லை வரையுள்ள தூரம் மூன்று நியம விலகலைப் போல எத்தனை மடங்கு என்று காட்டும் தகுதிச் சுட்டி) 8331 என்று வந்திருக்கிறது. "இப்படியொரு இலக்கம் வருமா அண்ணா? பெட்சை வெளியே விட எந்த எல்லையை எடுப்பது, 10,000ஐயேவா, மடக்கையிலா?" என்று கேட்கிறார்.

வராது தங்கச்சி. என்ன நடந்தது என்றால், தரவு மடக்கைக்குப் போய்விட்டது, எல்லை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. 10,000இலிருந்து 2.6ஐக் கழித்து, மூன்று நியம விலகலான 1.2ஆல் வகுத்தால் 8331. மென்பொருளுக்கு அது வெறும் இலக்கம். ஒன்று கொலனி, மற்றது மடக்கை என்று அதற்குத் தெரியாது. எல்லையையும் அதே மடக்கைக்குக் கொண்டுபோங்கள். 10,000க்கு அடி 10இல் மடக்கை 4. நாலிலிருந்து 2.6 போனால் 1.4, அதை 1.2ஆல் வகுத்தால் 1.17. உங்களுடைய உண்மையான பி.பி.கே. அதுதான். மோசமில்லை, ஆனால் நிம்மதியாகத் தூங்கவிடும் இலக்கமும் இல்லை.

8331 வந்ததில் எனக்குச் சந்தோஷம். பார்த்தவுடனே சந்தேகம் வந்து கேட்டீர்கள். ஆபத்தான பிழை வேறொன்று இருக்கிறது, அது கண்ணில் படாது. எக்செலில் லாக் என்று எழுதினால் அடி 10 மடக்கை வரும். ஆர் என்ற கணினி மொழியில் அதே சொல்லை எழுதினால் இயற்கை மடக்கை (அடி 2.718) வரும். மினிடாப் என்ற புள்ளிவிபர மென்பொருளில், தரவை லாம்டா என்ற அடுக்குக்கு உயர்த்தும் பாக்ஸ்-காக்ஸ் உருமாற்றத்தில் லாம்டா பூச்சியம் என்று எடுத்தாலும் அது இயற்கை மடக்கைதான். இப்போது ஒருவர் தரவை எக்செலில் அடி 10இல் மாற்றிவிட்டு, எல்லையை மட்டும் வேறொரு இடத்தில் இயற்கை மடக்கையாக எடுத்தார் என்று வையுங்கள். 10,000க்கு இயற்கை மடக்கை 9.21. அதைக் கட்டத்தில் போட்டால் பி.பி.கே. 5.5 வரும். 5.5ஐப் பார்த்து யாரும் துணுக்குறமாட்டார்கள். "நல்லா இருக்கே" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இரண்டும் ஒரே அடியில் இருந்தால் எந்த அடி என்பது பிரச்சினையே இல்லை. முழுவதையும் இயற்கை மடக்கையில் செய்து பாருங்கள், அதே 1.17தான் வரும். வேலைத்தாளின் முதல் வரியிலேயே "அடி 10" என்று எழுதிவையுங்கள்.

மென்பொருளுக்குள்ளேயே உருமாற்றம் செய்யும் வசதியைப் பயன்படுத்தினால் கதை தலைகீழ். மினிடாப்பின் தகுதிப் பகுப்பாய்வில் பாக்ஸ்-காக்ஸைத் தெரிந்தெடுத்தால், எல்லையைச் சாதாரண அலகில், அதாவது 10,000 என்றே கொடுக்க வேண்டும். அதுவே தரவோடு சேர்த்து எல்லையையும் மாற்றிக்கொள்ளும். அங்கே நீங்கள் 4 என்று கொடுத்தால், கிராமுக்கு 4 கொலனிதான் எல்லை என்று எடுத்துக்கொண்டு எல்லா பெட்சும் தோல்வி என்று காட்டும். நீங்கள் மாற்றினீர்களானால் எல்லையையும் நீங்களே மாற்ற வேண்டும், அது மாற்றினால் எல்லையைத் தொடாதீர்கள்.

"அப்படியென்றால் மடக்கையே எடுக்காமல் விட்டால் என்ன, இத்தனை தொல்லை எதற்கு" என்று யாராவது கேட்பார்கள். மடக்கையில் இடை 2.6, விலகல் 0.4 உள்ள தரவைச் சாதாரண அலகில் பார்த்தால், சராசரி ஏறத்தாழ 608, நியம விலகல் ஏறத்தாழ 703 என்று வரும். அதை வைத்து பி.பி.கே. போட்டால் 4.45. உண்மை 1.17, காகிதம் சொல்வது 4.45. அதோடு சராசரியிலிருந்து மூன்று விலகல் கீழே போனால் கிராமுக்கு மைனஸ் 1,500 கொலனி என்று வரும். அப்படி ஒரு கொலனி உலகத்தில் இல்லை. வலப்பக்கம் நீண்ட வாலோடு இருக்கும் தரவைச் செவ்வன் பரம்பல் என்று வைத்துக்கொண்டால், வாலின் நீளத்தைக் குறைத்து மதிப்பிடுகிறோம். எல்லை இருப்பதோ அந்த வாலின் பக்கம்தான். ஆகவே நீங்கள் மடக்கை எடுத்தது சரி.

ஆனால் எடுத்ததற்கான காரணம் எனக்குப் போதவில்லை. "மென்பொருள் சொன்னது" என்பது காரணமாகாது. நுண்ணுயிர் பெருக்கலாக வளர்கிறது, பெருக்கலாகச் சாகிறது. ஐதாக்கலும் பத்து பத்தாகத்தான் செய்கிறோம். அதனால் அதன் இயல்பான அளவே மடக்கைதான். தரவைப் பார்ப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடலாம். பூச்சிகொல்லி எச்சம், அமிலத்தில் கரையாத சாம்பல் போன்றவையும் பூச்சியத்துக்குப் பக்கத்தில் குவிந்து ஒரு பக்கம் வால் விடுபவை. நீர்ச்சாறு, அதாவது கொதிநீரில் கரைந்து இறங்கும் பகுதி, அப்படியில்லை. ஐ.எஸ்.ஓ. 3720 என்ற சர்வதேச நியமம் கறுப்புத் தேயிலைக்குக் குறைந்தது 32 சதவீத நீர்ச்சாறு கேட்கிறது; நம் தேயிலை அதற்கு மேலே இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகத்தான் பரவி நிற்கும். அதை உருமாற்ற ஒரு தேவையும் இல்லை. பொருளின் இயல்பு முதலில், வலையுரு வரையம் (தரவின் உருவத்தைக் காட்டும் பட்டைப் படம்) இரண்டாவது, செவ்வன் பரம்பலா என்று பார்க்கும் பரீட்சையின் நிகழ்தகவு கடைசி. தராசு ஒரு தசமத்துக்குத்தான் காட்டும் என்றால், அந்த முழுதாக்கல் ஒன்றாலேயே செவ்வன் பரீட்சை தோற்றுப்போகும். அதற்காக உருமாற்றத் தொடங்கினால் தராசின் குறையைத் தேயிலையின் தலையில் கட்டுகிறோம்.

1964இல் ஜார்ஜ் பாக்ஸும் டேவிட் காக்ஸும் கொடுத்த முறை லாம்டா என்ற அடுக்கைத் தரவிலிருந்தே மதிப்பிடும். மென்பொருள் 0.13 என்று கொடுத்தால் 0.13ஐப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அதன் நம்பிக்கை ஆயிடைக்குள் (உண்மையான லாம்டா இருக்கக்கூடிய வீச்சுக்குள்) பூச்சியம் இருந்தால் மடக்கை, அரை இருந்தால் வர்க்கமூலம், ஒன்று இருந்தால் தரவைத் தொடாமல் விடுங்கள். அடுத்த வருடம் புதுத் தரவு சேரும்போது 0.13 என்பது 0.21 ஆகும், அதோடு எல்லையும் நகரும். மடக்கை நகராது. வருடத்துக்கு வருடம் ஒரே அளவுகோல் வேண்டும்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதே பாதையில்தான் நிற்கிறீர்கள். பல வருடத்துக்கு முன் ஹட்டன் பக்கம் ஒரு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டிரையரிலிருந்து வரும் தூளின் ஈரப்பதன் தரவு என்னிடம் வந்தது. வலையுரு வரையத்தில் இரண்டு திமில். செவ்வன் பரீட்சை தோல்வி. பாக்ஸ்-காக்ஸ் பலிக்கவில்லை. 1949இல் நோர்மன் ஜோன்சன் கொடுத்த வளைகோட்டுக் குடும்பத்தைப் போட்டேன். அது எதையும் வளைத்து நேராக்கும் வல்லமை உள்ளது. பரீட்சை தேறியது. அதை வைத்து எல்லை போட்டுக்கொடுத்தேன். சில மாதத்தில் ஒரு சரக்கு பூஞ்சண வாடை என்று திரும்பி வந்தது. பிறகு டிரையரில் நிற்கும் அண்ணனோடு ஒரு முழுநாள் இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது. காலையில் டிரையர் சூடேறும் முதல் ஒரு மணிநேரத் தூள் ஒன்று, அதற்குப் பிறகு வருவது வேறொன்று. மழைக்காலத்தில் விறகு நனைந்திருந்தால் அந்த ஒரு மணிநேரம் இன்னும் நீளும். இரண்டு திமிலும் இரண்டு செய்முறை. நான் அவற்றைக் கணக்கால் ஒட்டிவைத்தேன். அந்த அண்ணனிடம் முதல் நாளே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரக்கு திரும்பியிருக்காது. இது இன்றும் எனக்கு மனவருத்தம்.

அதனால் உங்கள் 30 பெட்சையும் ஒரே நிரலில் போட்டு மடக்கை எடுப்பதற்கு முன், வரையத்தில் வகைக்கு ஒரு நிறமாகப் பிரித்துப் பாருங்கள். எந்த இஞ்சி, எந்த மாதம், எந்தக் கலக்கும் இயந்திரம். நம் மலையில் இது மிகவும் முக்கியம். தலவாக்கலை, ஹட்டன் பக்கம் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டும்போது, உங்கள் ஊவாப் பக்கம் கச்சான் காற்று காய்ச்சும். ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் வேறு நிலை. தூளோ ஈரத்தை உறிஞ்சும் பொருள். மூன்று சதவீதத்தை ஒட்டி டிரையரை விட்டு வந்தாலும் சலிக்கும் அறையில் மூடுபனி நுழைந்தால் ஏறிவிடும். மழைக்கால பெட்ச் 15, வறட்சிக்கால பெட்ச் 15 என்று இருந்து, அவற்றின் இடையே மடக்கையில் பெரிய இடைவெளி இருந்தால், 0.4 என்ற விலகலை ஒரு செய்முறையின் விலகல் என்று எடுக்க முடியாது. மோசமான காலத்துக்கே எல்லை போடுங்கள்.

இனி கேள்வியின் இரண்டாம் பாதி, எனக்குப் பிடித்த பாதி: எந்த எல்லையில் பெட்சை விடுவது.

10,000 உங்கள் தரவிலிருந்து வந்ததில்லை. அது வாங்குபவருக்கு நீங்கள் கொடுத்த வாக்கு, அதைத்தான் ஸ்பெக் என்கிறோம். பொதியின் காலாவதித் திகதி வரைக்கும் எந்தப் பொதியை எடுத்தாலும் அதற்குக் கீழே இருக்கும் என்ற வாக்கு. அதை நீங்கள் "தெரிந்தெடுக்க" முடியாது. 30 பெட்சின் இடையோடு மூன்று விலகலைக் கூட்டி "இதுதான் எங்கள் ஸ்பெக்" என்று எழுதும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது கட்டுப்பாட்டு எல்லை. செய்முறை என்ன செய்கிறது என்று சொல்லுமே தவிர, குடிப்பவருக்கு என்ன தேவை என்று சொல்லாது. விடுவிப்பு எல்லைதான் நீங்கள் தெரிந்தெடுப்பது. ஸ்பெக்கிலிருந்து உள்ளே எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பது அது. தள்ளி நிற்பதற்கு இரண்டு காரணம்: தட்டில் எண்ணிய இலக்கம் உண்மையான இலக்கம் அல்ல, இன்றைய இலக்கம் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு இருக்கும் இலக்கமும் அல்ல.

முதற் காரணத்துக்கு உங்கள் ஆய்வுகூடத்தின் அளவீட்டு விலகல் வேண்டும். ஒரே பெட்சிலிருந்து இரண்டு மாதிரி எடுத்து, வேறு நாளில், முடிந்தால் வேறு ஆளைக் கொண்டு எண்ணுங்கள். இப்படி ஒரு இருபது சோடி சேர்த்தால், ஒவ்வொரு சோடிக்கும் மடக்கை வித்தியாசத்தை வர்க்கித்து, அவற்றின் சராசரியை இரண்டால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். இரண்டு மாதிரியையும் ஒரே சாக்கிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே சாக்கிலிருந்து எடுத்தால் எண்ணும் கையின் பிழை மட்டும்தான் தெரியும், பெட்சுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு மறைந்துபோகும். இஞ்சித் துண்டு நிறைய விழுந்த மூலையும் விழாத மூலையும் ஒன்றல்ல.

கணக்குக்காக அது 0.15 என்று வைப்போம். 95 சதவீத உறுதிக்கு ஒரு பக்கக் குணகம் 1.645. பெருக்கினால் 0.247. நாலிலிருந்து கழித்தால் 3.753. அதைக் கொலனிக்குத் திருப்பினால் ஏறத்தாழ 5,660. ஒரு மாதிரி மட்டும் எடுத்தால் 5,600க்கு மேலே வரும் பெட்சை விடக்கூடாது. இரண்டு மாதிரியின் மடக்கைச் சராசரியை எடுப்பதாக இருந்தால் விலகல் 0.106க்கு இறங்கும், எல்லை ஏறத்தாழ 6,690க்கு ஏறும். ஒரு தட்டு கூடுதலாகப் போட்ட செலவுக்கு ஆயிரம் கொலனி இடம் கிடைக்கிறது.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. மடக்கையில் நாம் செய்தது கழித்தல். கொலனிக்குத் திரும்பியபோது அது வகுத்தல் ஆகிவிட்டது. 0.247ஐக் கழிப்பது 1.77ஆல் வகுப்பதற்குச் சமம். அதனால் "எல்லையிலிருந்து 1,000ஐக் கழித்து 9,000 என்று வைப்போம்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. தட்டு எண்ணிக்கையில் பிழை விகிதமாகத்தான் வரும். பாதுகாப்பு இடைவெளியும் விகிதமாகத்தான் இருக்க வேண்டும். அதேபோல 0.15 என்ற விலகலை மட்டும் தனியே பத்தின் அடுக்காக்கி "எங்கள் விலகல் 1.4 கொலனி" என்று எழுதாதீர்கள். எல்லைப் புள்ளிகளைத் திருப்பிக் கொண்டுவரலாம், விலகலைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இடையைத் திருப்பினாலும் வருவது சராசரி அல்ல, பெருக்கலிடை: உங்களுக்கு 398. சாதாரணச் சராசரி 608 என்று மேலே பார்த்தோம். அறிக்கையில் 398ஐச் சராசரி என்று எழுதினால் வாங்குபவரை ஏமாற்றியதாகும், தெரியாமல் செய்தாலும்.

இரண்டாம் காரணம், காலம். நீர்த் தொழிற்பாடு (நுண்ணுயிருக்குப் பயன்படக்கூடிய ஈரத்தின் அளவு) 0.6க்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் வளராது. நன்றாகக் காய்ந்து இறுக்கி அடைத்த தேயிலையில் எண்ணிக்கை ஏறாது, பெரும்பாலும் மெல்லக் குறையும். குறைந்தால் அதை உங்கள் வரவில் சேர்க்காதீர்கள். "ஆறு மாதத்தில் பாதியாகிவிடும், ஆகவே 12,000ஐயும் விடலாம்" என்று கணக்குப் போட இடமுண்டு, ஆனால் பொதி விட்ட நாளன்றே யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் உங்கள் சேமிப்புச் சோதனையில் ஏற்றம் தெரிந்தால், உதாரணமாகக் காகிதப் பொதி ஈரம் இழுத்து 18 மாதத்தில் மடக்கையில் 0.2 ஏறுகிறது, அந்த ஏற்ற மதிப்பீட்டின் நியம வழு 0.1 என்றால், அதையும் கழிக்க வேண்டும். வழுக்களை நேரே கூட்டாமல் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுங்கள்: 0.15உம் 0.1உம் சேர்ந்து 0.18. அதை 1.645ஆல் பெருக்க 0.297. நாலிலிருந்து 0.2உம் 0.297உம் போனால் 3.503, அதாவது ஏறத்தாழ 3,180. கீழ்ப்பக்கமாக முழுதாக்கி 3,000 என்று எழுதிவிடுங்கள். விடுவிப்பு எல்லையை எப்போதும் பாதுகாப்பான பக்கமாகத்தான் முழுதாக்க வேண்டும்.

இந்த 3,000க்கு ஒரு விலை உண்டு, அதை முகாமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடை 2.6, விலகல் 0.4 உள்ள செய்முறையில் 3,000ஐத் தாண்டுவது நூறு பெட்சில் ஒன்று அல்லது ஒன்றரை. வருடத்துக்கு இருநூறு பெட்ச் போட்டால் இரண்டு மூன்றை நிறுத்திவைக்க நேரும். 5,600 என்றால் ஆயிரத்தில் இரண்டு. அவர் "எல்லையை உயர்த்து" என்பார். உயர்த்தும் வழி மாதிரியைக் கூட்டுவதும், பொதியை ஈரம் புகாததாக மாற்றுவதும், இஞ்சியைச் சுத்தமான இடத்தில் வாங்குவதும்தான். 1.645ஐ 1 ஆக்குவது வழியல்ல.

30 பெட்ச் என்பது சின்னத் தொகை என்பதையும் மறக்க வேண்டாம். செய்முறையில் 99 சதவீத பெட்சும் எதற்குக் கீழே இருக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, 30 தரவுக்கு ஒரு பக்கச் சகிப்புக் குணகம் 3.064. உங்களுக்கு அது 2.6 கூட்டல் 1.226, அதாவது 3.826, ஏறத்தாழ 6,700 கொலனி. 10,000க்குக் கீழே, நல்லது. அதே இடையும் விலகலும் 10 பெட்சிலிருந்து மட்டும் வந்திருந்தால் குணகம் 3.981 ஆகி, மடக்கையில் 4.19க்குப் போய் ஸ்பெக்கைத் தாண்டியிருக்கும். செய்முறை மாறவில்லை, நம் அறிவுதான் குறைவு. அதற்கான தண்டம் அது.

வாங்குபவரின் கடிதத்தைத் திரும்ப வாசித்து, 10,000 என்பது ஒவ்வொரு மாதிரிக்குமா, சராசரிக்கா என்று பாருங்கள். இரண்டு மாதிரி 100உம் 10,000உம் என்று வந்தால் பெருக்கலிடை 1,000, சாதாரணச் சராசரி 5,050. உங்கள் விடுவிப்பு எல்லை 3,000 என்றால் ஒன்றில் தேறும், மற்றதில் தோற்கும். மடக்கைச் சராசரியை எடுக்கிறோம் என்று நடைமுறையில் எழுதியிருக்க வேண்டும். அத்தோடு, தனி மாதிரி எதுவும் ஸ்பெக்கைத் தொட்டால் சராசரி எதுவானாலும் பெட்ச் நிற்கும் என்றும் எழுதுங்கள். ஒரு சாக்கில் 10,000 இருப்பதைப் பக்கத்துச் சாக்கின் 100 ஆற்றாது.

கொலனி ஒன்றும் இல்லாமல் "10க்குக் குறைவு" என்று வரும் தட்டுகளுக்கு என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பூச்சியத்துக்கு மடக்கை இல்லை. பலர் எல்லாவற்றுக்கும் 1 கூட்டி மடக்கை எடுப்பார்கள். எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருக்கும் வரை அதனால் கெடுதல் குறைவு, எல்லைக்கும் 1 கூட்டினால் போதும். ஆனால் எச்சம் போன்ற மிகச் சிறிய இலக்கத்துக்கு 1 கூட்டினால் முழுத் தரவும் நசுங்கிப்போகும்; 0.01உம் 0.05உம் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். சரியான வழி, அவற்றை "இதற்குக் கீழே எங்கோ" என்ற தணிக்கைப்பட்ட தரவாக மென்பொருளுக்குக் கொடுப்பது. நம்பகத்தன்மைப் பகுப்பாய்வு செய்யும் பகுதியில் அதற்கு வசதி இருக்கும். பாதி மதிப்பைப் போட்டு நிரப்பினால் இடையும் விலகலும் இரண்டும் பிழையாகிவிடும்.

கீழெல்லையாகப் பூச்சியத்தைப் போடாதீர்கள். பூச்சியம் ஸ்பெக் அல்ல, இயற்கையின் சுவர். கட்டத்தை வெறுமையாக விடுங்கள். இரண்டு பக்கமும் உண்மையான எல்லை உள்ளவற்றில் வேறொரு நுணுக்கம் வரும். ஐ.எஸ்.ஓ. 3720 மொத்தச் சாம்பலுக்கு 4 முதல் 8 சதவீதம் கொடுக்கிறது. சாதாரண அலகில் நடு 6. மடக்கையில் நடு 5.66. மடக்கையில் தகுதி பார்த்து "நடுவில் நிற்கிறோம்" என்று சொல்பவர் 5.66இல் நிற்கிறார். சாம்பலுக்கு மடக்கை தேவையில்லை என்பதே என் எண்ணம், இருந்தாலும் எடுத்தால் இதைத் தெரிந்து எடுங்கள்.

லாம்டா மைனஸாக வந்தால் இன்னொரு பொறி. மினிடாப் தரவை லாம்டாவின் அடுக்காகவே மாற்றும். அப்போது பெரியது சிறியதாகும், உச்ச எல்லை கீழெல்லையாகிவிடும். பாக்ஸும் காக்ஸும் எழுதிய வடிவத்தில் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்து லாம்டாவால் வகுப்பதால் வரிசை குலையாது. ஜே.எம்.பி. என்ற இன்னொரு மென்பொருள் பெருக்கலிடையையும் சேர்த்து அளவு மாற்றும். நிரலை ஒரு மென்பொருளில் மாற்றி எல்லையை வேறொன்றில் மாற்றாதீர்கள். ஜோன்சன் முறையிலோ எல்லையே காணாமற்போகலாம்: அதன் ஒரு வகை, தரவுக்கு இரு பக்கமும் வரம்பு கட்டும், ஸ்பெக் அந்த வரம்புக்கு வெளியே விழுந்தால் அதற்கு உருமாற்ற மதிப்பே கிடையாது, மென்பொருள் நட்சத்திரக் குறி போட்டுவிட்டுப் போகும். அதை "பிரச்சினை இல்லை" என்று வாசிக்கக்கூடாது.

உங்கள் இடத்தில் எச்சப் பரிசோதனை அறிக்கையும் கையாள்வதாகச் சொன்னீர்கள். அங்கே பிழை பெரும்பாலும் விகிதம்தான். ஐரோப்பிய எச்ச ஆய்வுகூட வழிகாட்டி 50 சதவீத விரிந்த நிச்சயமின்மையை, அதாவது அளந்த இலக்கம் மேலும் கீழும் 50 சதவீதம் வரை பிசகலாம் என்பதை, எடுத்துக்கொள்கிறது. தேயிலையில் கிளைபோசேட் என்ற களைகொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றிய எல்லை கிலோவுக்கு 2 மில்லிகிராம். மடக்கையில் கணக்குப் போட்டால் விடுவிப்பு எல்லை ஏறத்தாழ 1.3இல் நிற்கும். ஆனால் ஜப்பானுக்குப் போகும் சரக்கில் இந்தக் கணக்கு பலிக்காத இடமொன்று உண்டு. 2006 முதல் அங்கே தனி எல்லை இல்லாத பொருளுக்கெல்லாம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே பொது எல்லை. 2015இல் இங்கே கிளைபோசேட்டைத் தடை செய்த பிறகு வேறு களைகொல்லி அடித்ததால் நம் தேயிலை அந்த 0.01இல் போய் மாட்டியது. பல ஆய்வுகூடங்கள் நம்பி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவே அதை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்குக் கீழே 0.0067 என்று ஒரு விடுவிப்பு எல்லையை எழுதினால் அளக்க முடியாததை எழுதுகிறோம். அங்கே விதி "கண்டறியப்படவில்லை" என்பது மட்டும்தான். மீதி வேலை மலையில், மருந்துத் தொட்டியின் பக்கம் நடக்க வேண்டும்.

விடுவிப்புத் தாளில் மடக்கை வேண்டாம். பெட்சில் கையெழுத்துப் போடுபவர் பார்க்க வேண்டியது "கிராமுக்கு 3,000 கொலனி" என்ற ஒரே வரி. அவர் 3.48ஐ 3.84 என்று வாசித்தால் 3,000 எண்ணியது 6,900 ஆகும். கணக்கு, அடி, அளவீட்டு விலகல், 1.645 எதற்கு என்ற காரணம், தரவு எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதெல்லாம் பின்னிணைப்பில் இருக்கட்டும்.

தங்கச்சி, 0.15 என்பது நான் கணக்குக்காக எடுத்த இலக்கம், உங்களுடையது அல்ல. இந்த மாதமே சோடி மாதிரி எடுக்கத் தொடங்குங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு சாக்கிலிருந்து. இருபது சோடி சேரும்வரை 3,000ஐத் தற்காலிக எல்லையாக வைத்து, அதற்கு மேல் வருவதை நிறுத்தி மறுபடி எண்ணுங்கள். அதற்கிடையில் அந்த 30 பெட்சையும் மாத வாரியாகப் பிரித்த வரையத்தை எனக்கு அனுப்புங்கள். மழைக்கால பெட்ச் தனியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே 0.4ஐ நம்பலாமா என்று சொல்வேன்.